கடல் முயல் சுருங்கிக்கொண்டே போகிறது, என்ன கொடுப்பது?

உப்புத்தொட்டி:
சென்னையில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். கல்லெல்லாம் முடிப்பாசி மண்டியதால் கொளத்தூரில் ஒரு கடையில் கடல் முயல் (டோலபெல்லா, பாசி தின்னும் கடல் நத்தை வகை) வாங்கி விட்டேன். "தனியா எதுவும் போட வேண்டாம்" என்றார் கடைக்காரர். பத்தே நாளில் கல் பளிச்சென்று ஆகிவிட்டது. இப்போது ராத்திரி முழுக்கக் கண்ணாடியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. வாங்கும்போது உள்ளங்கை நீளம், இன்று விரல் நீளம்தான். உப்படர்த்தி 1.025, வெப்பம் 26, அம்மோனியா பூஜ்யம். மீன் தீவனத்தைச் சீண்டவில்லை. அரைக்கீரை வேகவைத்துப் போடலாமா?

பவளக்கிறுக்கன்:
தண்ணீரில் குற்றமில்லை தம்பி, அது பசியில் இருக்கிறது. தீனி இல்லாவிட்டால் தன் உடம்பையே கரைத்துப் பிழைக்கும், சுருங்குவது அதனால்தான். கீரை வேண்டாம், அழுகி அம்மோனியாவைத்தான் ஏற்றும். சுஷி சுற்றும் நோரித் தாள், அதாவது காய்ந்த கடற்பாசித் தாள், வாங்குங்கள். உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் சேராததாக இருக்கட்டும். கண்ணாடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் அது கண்டுகொள்ளாமல் போய்விடும். கண் பார்வை சொற்பம், காது மாதிரி நிற்பவைதான் அதற்கு மூக்கு. நோரியை ஒரு சின்னக் கல்லில் ரப்பர் பேண்டால் கட்டி, விளக்கை அணைத்த பிறகு அதன் வாய்க்கு நேரே வையுங்கள். முயல் உள்ளே இழுபடாமல் இருக்க அலை மோட்டாருக்குப் பஞ்சு உறை போட்டீர்களா? இல்லையென்றால் நோரிக்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.

பாம்பன்காத்து:
எங்கள் பக்கம் கஞ்சிப்பாசி என்பார்களே, அது கிராசிலேரியா. ஆய்வகங்களில் கடல் முயலை வளர்ப்பதே இந்த வகைப் பாசியைப் போட்டுத்தான். ஊர்க்காரர் யாராவது இருந்தால் கேளுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுப் பக்கம் பறிக்கச் சொல்லாதீர்கள், அது தேசியப் பூங்கா. ஒன்று, செம்பாசி தின்றால் ஊதா மை ஜோராக வரும், அந்த நிறமே பாசியிலிருந்துதான் வருகிறது. மிரட்டாதீர்கள். மை கக்கினால் பாதித் தண்ணீரை மாற்றி, ஃபில்டரில் புதுக் கார்பன் போடுங்கள்.

உப்புத்தொட்டி:
பஞ்சு போட்டாயிற்று. முதல் ராத்திரி நோரி மேலேயே ஏறிப் போய்விட்டது, எனக்குப் பகீர் என்றது. இரண்டாம் நாள் காலையில் பார்த்தால் ரப்பர் பேண்ட் மட்டும் மிச்சம்! அதே கடையில் நீலக் கோடு போட்ட நூடிபிராங்க் (ஓடில்லாத வண்ணக் கடல் நத்தை) ஒன்று வந்திருக்கிறது. துணைக்கு வாங்கலாமா அண்ணா?

பவளக்கிறுக்கன்:
வேண்டவே வேண்டாம். அந்த நீலக்கோட்டு வகைக்குக் குறிப்பிட்ட கடற்பஞ்சுதான் சாப்பாடு, வேறெதையும் தொடாது. நானும் ஒருமுறை அழகில் மயங்கி வாங்கினேன், மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. பெர்கியா என்ற நூடிபிராங்கும் அப்படித்தான், அது தின்பது ஐப்டேசியா என்ற கடல் சாமந்தியை மட்டும், அந்தத் தொல்லை உள்ள தொட்டிக்கு மட்டும் சரி. ஐப்டேசியா தீர்ந்தால் அதுவும் தீர்ந்தது. முயலையே பாசி மண்டிய தொட்டிக்காரர் யாருக்காவது கொடுத்துவிடலாம்.

வேளச்சேரிமீன்:
என் தொட்டியில் பாசிக் காடே இருக்கிறது. சனிக்கிழமை வாளியோடு வரட்டுமா?

பவளக்கிறுக்கன்:
செம்பு மருந்து எப்போதாவது போட்டிருக்கிறீர்களா?

வேளச்சேரிமீன்:
போன வருஷம் புள்ளி நோய்க்குப் போட்டேன். கல் மாற்றவில்லை.

பவளக்கிறுக்கன்:
அப்படியானால் விட்டுவிடுங்கள். கல்லில் ஊறிய செம்பு மெல்லக் கசியும், அதுவே இதற்கு விஷம்.

உப்புத்தொட்டி:
சரி, நோரியே ஓடட்டும். இன்னும் இரண்டு பாக்கெட் சொல்லியிருக்கிறேன்.