டெக் பராமரிப்பும் கொசுத் தொல்லையும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அட்லாண்டாவிலிருந்து:
இங்கே வசந்தத்தில் பைன் மகரந்தம் மஞ்சள் பொடியாக டெக் (வீட்டை ஒட்டிய மரத்தளம்) முழுக்க அப்பிக்கொள்ளும். அதன்மேல் நாலு மழை பெய்தால் போதும், நிழல் விழும் பக்கம் பாசி பிடித்து வழுக்கும். போன வருஷம் ஆள் வைத்துக் கழுவினோம். வந்தவர் தண்ணீரைப் பீய்ச்சும் பிரஷர் வாஷரை முழு அழுத்தத்தில் விட்டு, பலகையின் மேல்தோலையே உரித்துவிட்டுப் போனார். நார் எழும்பி, வெறுங்காலோடு ஓடிய பையனுக்குச் சிலாம்பு ஏறியதுதான் மிச்சம். பைன் பலகைக்கு 500, 600 பி.எஸ்.ஐ. (நீரின் அழுத்த அளவு) போதும். விசிறியாக விரியும் முனையைப் போட்டு, ஒரு அடி தள்ளிப் பிடித்து, மரத்தின் ரேகை போகும் திசையிலேயே கொண்டுபோக வேண்டும்.

இந்த வருஷம் நானே இறங்கினேன். ஆக்சிஜன் பிளீச் என்று விற்கும் சோடியம் பெர்கார்பனேட் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் காயவிடாமல் ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் பாசி கழன்று வருகிறது. குளோரின் பிளீச்சும் பாசியைக் கொல்லும்தான். ஆனால் மரம் வெளிறிவிடும், ஓரத்துச் செடியும் கருகும். ஆணியைச் சுற்றியுள்ள கறுப்புக் கறைக்கு மட்டும் ஆக்ஸாலிக் அமிலம் தேவைப்பட்டது. கையுறை, கண்ணாடி இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

கொசு விஷயம் இதற்கு நடுவில்தான் பிடிபட்டது. பலகை இடுக்கில் அடைந்த இலைக்குப்பையைப் பட்டித் தகட்டால் நோண்டித் தள்ளிவிட்டு, அதை அள்ள டெக்குக்கு அடியில் தவழ்ந்து போனேன். கூரை மழைநீரை வெளியே கொண்டுபோகும் கறுப்பு நெளிகுழாய் அங்கே கிடந்தது. டார்ச் அடித்தால் மடிப்புக்கு மடிப்பு தண்ணீர், அதில் கொசுப்புழு. மாதாமாதம் காசு வாங்கிக்கொண்டு புதரில் மருந்தடித்தவர் ஒருநாளும் குனிந்து அந்தப் பக்கம் பார்த்ததில்லை. குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, உள்பக்கம் வழுவழுப்பான பிவிசி குழாயைச் சாய்வாக வைத்தேன். மண்ணையும் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகச் சரித்துவிட்டேன். கொசு வெகுவாகக் குறைந்தது. அடியில் இருந்த உத்தரங்களின் ஈரமும் காய்ந்தது. மருந்துக்காரரை நிறுத்திவிட்டேன். அந்த மருந்தில் தேனீயும் சாகிறது என்பது வேறு விஷயம்.

ஹூஸ்டனிலிருந்து:
புலிக்கொசு அமெரிக்காவில் குடியேறியதை 1985-இல் கண்டுபிடித்தது எங்கள் ஊரில்தான். ஆசியாவிலிருந்து வந்த பழைய டயர்களில் வந்து இறங்கியது என்கிறார்கள். நம்மூரில் டெங்கு பரப்பும் கொசுவுக்கு உறவு. பட்டப்பகலில் கணுக்காலைத் தேடிக் கடிக்கும். தண்ணீர் வற்றினாலும் இதன் முட்டை மாதக்கணக்கில் பிழைத்துக் கிடக்கும். அதனால் பூந்தொட்டித் தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கம் அழுத்தித் தேய்க்க வேண்டும். கவிழ்க்க முடியாத மழைநீர்ப் பீப்பாயில் கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி.ஐ. பாக்டீரியா வில்லை ஒன்று போட்டுவிடுகிறேன். ஒரு மாதம் போல வேலை செய்யும், மீனுக்கும் நாய்க்கும் தொந்தரவில்லை. சிட்ரோனெல்லா மெழுகுவர்த்தி வாங்கிய காசு தண்டம். சாதாரண மின்விசிறியைக் காலருகே ஓடவிடுங்கள். காற்றில் பறக்கச் சக்தியில்லாத ஜென்மம் அது.

நியூ ஜெர்சியிலிருந்து:
எங்கள் வீட்டில் மீன் வறுவல் எப்போதும் டெக்கில்தான். உள்ளே வறுத்தால் கோட்டு, கம்பளி எல்லாம் வாடை பிடிக்கிறது. எண்ணெய்க் கறை அதற்கான கூலி.

கொசுவுக்கு டீட் என்ற கொசுவிரட்டி கலந்த திரவத்தை உடம்பில் தெளித்துக்கொண்டு உட்காருவோம். அது பிளாஸ்டிக் நாற்காலியின் பளபளப்பைத் தின்றுவிட்டது, கைப்பிடி வார்னிஷும் பிசுபிசுத்துப்போனது. பிகாரிடின் என்ற வேறு கொசுவிரட்டி கலந்ததற்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, எண்ணெய் கலந்த ஸ்டெயினை (மரத்துக்கு அடிக்கும் பூச்சு) துடைத்த துணியைச் சுருட்டிக் கராஜில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

அட்லாண்டா அண்ணாவுக்கு ஒரு கேள்வி. எங்களுடையது 1998-இல் போட்ட டெக். மெஷினால் நன்றாகத் தேய்த்துவிட்டுப் புது ஸ்டெயின் அடிக்கலாமா?

அட்லாண்டாவிலிருந்து:
கொஞ்சம் பொறுங்கள். 2003 கடைசிவரை இங்கே வீட்டு டெக்குகளுக்குப் போட்ட பதப்படுத்திய பைன் மரத்தில் ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றியிருப்பார்கள். உங்களுடையதும் அந்த மரமாக இருக்க வாய்ப்பு அதிகம். தேய்த்தால் அந்தத் தூள் மூச்சிலும் மண்ணிலும் போகும், அதனால் மெஷின் வேண்டவே வேண்டாம். மென்மையாகக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிட்டு, தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் பழைய பூச்சு இன்னும் இருக்கிறது, இப்போதைக்கு விட்டுவிடலாம். உறிஞ்சிக்கொண்டால் மேலாகவே ஸ்டெயின் அடித்துவிடுங்கள். பலகை ஏதாவது உளுத்துப்போய் மாற்ற நேர்ந்தால் கழற்றியதை அடுப்பில் எரிக்கக் கூடாது. எங்கே போடுவது என்று உங்கள் டவுன்ஷிப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.