மெட்டாரில் 24015ஜி27கேடி: எந்த ரன்வே?

கேள்வி:
ரன்வே 09/27. மெட்டாரில் (விமான நிலைய வானிலை அறிக்கை) 24015ஜி27கேடி 200வி280 என்று இருக்கிறது. 27தானே? பக்கக்காற்றை எப்படிக் கணக்கிடுவது?

பதில் 1:
27தான். 240 என்பது காற்று வரும் திசை, போகும் திசை இல்லை. பலர் இதைத்தான் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள். ரன்வே 27இன் திசையான 270க்கும் 240க்கும் வித்தியாசம் 30 டிகிரி, சைன் மதிப்பு 0.5. ஆக 15 நாட் காற்றில் பக்கக்காற்று 7.5, கஸ்ட் (ஜி27, திடீர் வீச்சு) 27 நாட் அடிக்கும்போது 13.5, இடப்பக்கமிருந்து. எதிர்க்காற்று 13 முதல் 23 வரை. மனக்கணக்குக்கு: 15 டிகிரிக்குக் காற்று வேகத்தில் கால், 30க்கு அரை, 45க்கு முக்கால், 60க்கு மேல் முழுசாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
அந்த 200வி280ஐ (காற்றுத் திசை 200க்கும் 280க்கும் இடையே மாறுகிறது) விட்டுவிட்டீர்களே! காற்று 200க்குத் திரும்பும் நேரம் பார்த்து கஸ்ட்டும் வந்தால் கோணம் 70, பக்கக்காற்று 25 நாட். செஸ்னா 172எஸ் என்ற சிறு விமானத்தின் கையேட்டில், சோதனையில் செய்துகாட்டிய பக்கக்காற்று அளவே 15 நாட்தான்.

பதில் 3:
மெட்டார் காற்று மெய்வடக்கை வைத்து. ரன்வே எண் காந்தவடக்கை வைத்து. காந்த விலக்கம் (இந்த இரண்டு வடக்குகளுக்கும் உள்ள வித்தியாசம்) 10 டிகிரி கிழக்கு என்றால் 240 என்பது 230 ஆகிவிடும். கோணம் 40, கஸ்ட்டில் பக்கக்காற்று 17. டவர் சொல்லும் காற்று பொதுவாக ஏற்கெனவே காந்தத் திசையில்தான் இருக்கும், அதில் மறுபடி கழிக்காதீர்கள்.