கேனான் அலுவலகக் கருவிகளுக்குள் நுழைந்தது எப்படி?

கேள்வி: 1937இல் டோக்கியோவில் கேமரா நிறுவனமாகத் தொடங்கிய கேனான், நகலெடுக்கும் இயந்திரங்களிலும் அச்சுப்பொறிகளிலும் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு எது காரணம்? ஒளியியல் அறிவு மட்டும் போதுமானதாக இருந்ததா?

மறுமொழி 1: ஒளியியல் அடித்தளம்தான், ஆனால் 1964இல் வெளியான கனோலா 130 என்ற மின்னணுக் கணிப்பான் அந்நிறுவனத்துக்கு மின்னணுவியலையும் கற்றுத்தந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் காப்புரிமைகள் வழியை அடைத்திருந்த காலத்தில், அவற்றை மீறாத வேறொரு முறையைத் தானே உருவாக்கி, 1970இல் என்பி-1100 என்ற சாதாரணத் தாள் நகல் இயந்திரத்தைக் கொண்டுவந்ததே, என் கருத்தில், அதன் மிகப் பெரிய சாதனை.

மறுமொழி 2: நான் அதைவிட 1982ஐ முக்கியமாகக் கருதுகிறேன். டிரம் (படிமம் உருவாகும் உருளை), டோனர் (மைத்தூள்), துப்புரவுப் பகுதி ஆகியவற்றைக் கழற்றி மாற்றக்கூடிய ஒரே கார்ட்ரிட்ஜில் அடக்கிய பிசி-10, பிசி-20 இயந்திரங்கள், பராமரிப்புக்குப் பணியாளர் வர வேண்டிய தேவையைப் பெருமளவு குறைத்ததால், சிறு அலுவலகங்களும் நகல் இயந்திரம் வாங்க முடிந்தது. அதே கார்ட்ரிட்ஜ் முறையில் அமைந்த லேசர் அச்சு எஞ்சின், அதாவது அச்சிடும் வேலையைச் செய்யும் உட்பகுதிதான், 1984இல் ஹெச்பி லேசர்ஜெட்டுக்குள்ளும் அடுத்த ஆண்டு ஆப்பிள் லேசர்ரைட்டருக்குள்ளும் இருந்தது.

கேள்வி கேட்டவர்: நன்றி. ஹெச்பி பெயர் தாங்கிய இயந்திரத்தின் உள்ளே இருந்தது கேனான் என்பதை இன்றுதான் அறிந்தேன். அந்தக் காலத்தில் கேமராப் பிரிவு பின்தங்கிவிட்டதா?

மறுமொழி 1: இல்லை. 1976இல் நுண்செயலி பொருத்திய ஏஇ-1, 1987இல் தானியங்கிக் குவியம் கொண்ட இஓஎஸ் எனக் கேமராவும் உடன் வளர்ந்தது.