வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம்

[குரூப்: பெரிய வீடு]

அம்மா: நித்யாவுக்கு வெளிநாட்டுல வேலை வந்துருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள வரேனா இல்லையான்னு சொல்லணுமாம். எல்லாரும் உங்க அபிப்பிராயம் சொல்லுங்க

அத்தை: வாழ்த்துக்கள் தங்கம்

சித்தப்பா: 👏👏 எந்த கம்பெனி

அம்மா: கம்பெனி இல்ல. போஸ்ட்டாக்

பெரியப்பா: அப்படின்னா?

பெரியப்பா: இப்பதானே பிஎச்டி முடிச்சா. மறுபடியும் படிப்பா

நித்யா அக்கா: இன்னும் முடியல பெரியப்பா, தீசிஸ் குடுத்துருக்கேன், அக்டோபர்ல வைவா, நேர்ல கேள்வி கேக்கற கடைசி பரீட்சை. போஸ்ட்டாக்னா பிஎச்டிக்கு அப்புறம் பண்ற ஆராய்ச்சி வேலை, படிப்பு இல்ல, சம்பளம் உண்டு. நவம்பர்லேந்து ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்

பெரியப்பா: ரெண்டு வருஷம் கழிச்சு?

நான்: அதான் பெரியப்பா கேள்வி

சித்தப்பா: நித்யா நியூரல் நெட்வொர்க்குனு சொல்லுச்சே. நியூரல்னா நரம்புதானே. நரம்பு டாக்டர் ஆகுதா

நித்யா அக்கா: இல்ல சித்தப்பா கம்ப்யூட்டர்தான், நிறைய உதாரணம் காட்டினா தானே கத்துக்கிற ப்ரோக்ராம். 1943ல மெக்கல்லக், பிட்ஸ்னு ரெண்டு பேர் மூளை செல்ல கணக்கா எழுதிப் பார்த்தாங்க, அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு

பெரியப்பா: *பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது* போஸ்ட் டாக்டர் ஆராய்ச்சிப் பணி 500 இடங்கள்! ஏஐ துறை! நேர்காணல் கிடையாது! பதிவுக் கட்டணம் மட்டும் செலுத்தி இன்றே சேருங்கள்!!

பெரியப்பா: இதையும் பாருமா. 500 இடம் இருக்கு

ரவி அண்ணா: அப்பா அது ஃபிராடு

ரவி அண்ணா: நிஜமான போஸ்ட்டாக்ல 500 இடம்லாம் ஒரே அடியா வராது, ஒரு ப்ரொஃபசர்கிட்ட ஒரு ப்ராஜெக்ட்டுக்கு பணம் வரும் அதுல ஒரு ஆள் இல்ல ரெண்டு ஆள் எடுப்பாங்க, சிவி கேப்பாங்க, நான் என்ன பண்ணப்போறேன்னு ரெண்டு பக்கம் எழுதச் சொல்லுவாங்க, நம்மள தெரிஞ்ச ரெண்டு மூணு பேர் லெட்டர் குடுக்கணும், அப்புறம் நம்ம ஆராய்ச்சி பேப்பர பத்தி அவங்க லேப் முன்னாடி ஒரு மணி நேரம் பேசவிட்டு கேள்வி கேட்டு கொன்னுடுவாங்க. கட்டணம் கட்டுன்னு யாராச்சும் சொன்னா அந்த நிமிஷமே பிளாக் பண்ணுங்க

பெரியப்பா: சரி சரி. நல்ல எண்ணத்துலதான் போட்டேன்

சித்தப்பா: இடையில ஒரு விஷயம். பத்திரம் ஜெராக்ஸ் யார்கிட்ட இருக்கு

பெரியப்பா: அத பத்தி குரூப்ல வேணாம்

சித்தப்பா: ஜெராக்ஸ்தானே கேட்டேன்

அம்மா: நித்யா விஷயத்துக்கு வாங்க ப்ளீஸ்

அத்தை: நித்யா நீ கண்ணு ஸ்கேன் தானே பாக்கற. எனக்கு போன வாரம் எடுத்தாங்க. அனுப்பவா

நித்யா அக்கா: அத்தை நான் டாக்டர் இல்ல, கம்ப்யூட்டர பார்க்க வைக்கிறேன் அவ்ளோதான்

அத்தை: அதுக்கே காமி

நித்யா அக்கா: அதுல ஒரு கூத்து இருக்கு அத்தை. விழித்திரை போட்டோவ மட்டும் பார்த்து இது ஆம்பள கண்ணா பொம்பள கண்ணான்னு நெட்வொர்க் சொல்லிடும், 2018ல கூகுள்காரங்க பேப்பர் போட்டாங்க. கண் டாக்டருங்க சாதாரணமா அப்படி பார்த்துச் சொல்றதில்ல. எத வெச்சு சொல்லுதுன்னு தெளிவா தெரியல

நான்: அத்தை கண்ண பார்த்தா ஹிட்லர்னு சொல்லும்

அத்தை: நேர்ல வா சொல்றேன்

நித்யா அக்கா: அதே 2018ல இன்னொரு பேப்பர், நிமோனியா எக்ஸ்ரே. படத்தோட மூலைல டெக்னீஷியன் வைக்கிற உலோகத் துண்டு மாதிரி விஷயங்கள பார்த்தே இது எந்த ஆஸ்பத்திரி படம்னு நெட்வொர்க் பிடிச்சிருச்சு. அங்க நிமோனியா ஜாஸ்தின்னு தெரிஞ்சா நுரையீரல பார்க்காமயே மார்க் வாங்கலாம்ல. வெளி ஆஸ்பத்திரி படத்த குடுத்தா தடுமாறிருச்சு. என் தீசிஸும் இந்த மாதிரிதான், ஒரு கேமரா படத்துல சூப்பரா பண்றது கேமரா மாத்தினா உளறுது

அம்மா: அதத்தான் அங்கயும் பண்ணப்போறியா

நித்யா அக்கா: அதாம்மா பிரச்சனையே. ஆஃபர் மழை கணிக்கிற ப்ராஜெக்ட்

சித்தப்பா: மழையா

நித்யா அக்கா: ஆமா சித்தப்பா. 2023ல கிராஃப்காஸ்ட்னு ஒரு நெட்வொர்க் வந்துச்சு, பத்து நாள் வானிலைய ஒரே ஒரு மெஷின்ல ஒரு நிமிஷத்துக்குள்ள போட்டுடும். பழைய முறைல அதுக்கு சூப்பர் கம்ப்யூட்டர் மணிக்கணக்கா ஓடணும். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் நிறைய ப்ராஜெக்ட் பணம் போகுது. கண்ணுல இப்ப எனக்கு ஆஃபர் இல்ல

பெரியப்பா: மழையும் நல்ல விஷயம்தானே

ரவி அண்ணா: நல்லதுதான், ஆனா அது ப்ரொஃபசரோட கேள்விப்பா, இவ கேள்வி இல்ல. போஸ்ட்டாக்ல ரெண்டு ஜாதி இருக்கு, ஒண்ணு அவங்க பணம் அவங்க வேலை, இன்னொண்ணு நம்மளே ஃபெல்லோஷிப்புக்கு, அதான் நம்ம பேர்லயே வர்ற ஆராய்ச்சிப் பணத்துக்கு, எழுதி வாங்கி நம்ம கேள்விய தூக்கிட்டுப் போறது. மேரி கியூரி ஃபெல்லோஷிப்னு யூரோப்ல ஒண்ணு, வருஷத்துக்கு ஒரு தடவ, செப்டம்பர்ல க்ளோஸ், பத்து பக்கத்துக்குள்ள எல்லாத்தையும் அடைக்கணும், ஆராய்ச்சி தரத்துக்கு 50 சதவீதம், தாக்கத்துக்கு 30, எப்படி நடத்துவேங்கிறதுக்கு 20. ரிசல்ட் பிப்ரவரி வாக்குல வரும். டெட்லைன் அன்னைக்கு பிஎச்டி கையில இருக்கணும், அதனால நித்யாவுக்கு இந்த செப்டம்பர் கிடையாது, அடுத்த செப்டம்பர்தான்

நான்: மூச்சு விடுங்கண்ணா

ரவி அண்ணா: இன்னும் மெயின் மேட்டரே சொல்லலடா. எந்த நாட்டுக்கு கேக்கறோமோ அந்த நாட்டுல டெட்லைனுக்கு முந்தின 36 மாசத்துல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாது. நான் 13 மாசம் இருந்தேன். எல்லாம் எழுதி முடிச்சு பாஸ்போர்ட் ஸ்டாம்ப எண்ணிப் பார்த்தா 13

அத்தை: அய்யோ

அம்மா: இத நீ சொல்லவே இல்லையே ரவி

ரவி அண்ணா: யார் கேட்டா சித்தி

நித்யா அக்கா: 😐 அப்ப நவம்பர்ல போனா அடுத்த செப்டம்பருக்கு பத்து மாசம்தான் ஆகிருக்கும். அதே நாட்டுக்குக்கூட போடலாம்ல?

ரவி அண்ணா: போடலாம். ஒரே ஒரு வாய்ப்பு. அத விட்டா அந்த நாடு போச்சு வேற நாடு பார்க்கணும். ஜெர்மனின்னா ஹம்போல்ட் ஃபெல்லோஷிப் இருக்கு, பிஎச்டி வாங்கி 4 வருஷத்துக்குள்ள இருக்கணும்

பெரியப்பா: பெரிய ஆளுங்க யாராச்சும் இந்த போஸ்ட்டாக் பண்ணிருக்காங்களா. இல்ல வேலை கிடைக்காதவங்க பண்றதா

ரவி அண்ணா: ஏஐல பெரிய ஆளு யான் லெக்குன், 1987ல பிஎச்டி முடிச்சிட்டு டொரோன்டோல ஹின்டன்கிட்ட ஒரு வருஷம் போஸ்ட்டாக் இருந்தார். அப்புறம்தான் பெல் லேப்ஸ் போய் கையெழுத்து நம்பர படிக்கிற நெட்வொர்க் பண்ணார். அந்த ஹின்டனுக்குதான் 2024ல ஹாப்ஃபீல்டோட சேர்த்து ஃபிசிக்ஸ் நோபல். நீங்களே அந்த நியூஸ இங்க மூணு தடவ போட்டீங்க

பெரியப்பா: ரெண்டு தடவ

பெரியப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

ரவி அண்ணா: நீக்கினாலும் படிச்சிட்டேன்ப்பா. ஆமா அவர் ஒரு வருஷம், நான் நாலு வருஷம்

சித்தப்பா: சரி விடுங்கப்பா ரெண்டு பேரும்

அம்மா: நித்யா நீ என்ன நினைக்கிற அத சொல்லு

நித்யா அக்கா: தெரியலம்மா. மழைல போனா கண்ணு வேலை ரெண்டு வருஷம் தூங்கும். போகலன்னா கையில ஒண்ணும் இல்லாம ஃபெல்லோஷிப் எழுதிட்டு உக்காரணும்

அம்மா: அப்பா கம்பெனில சேர்ந்துட்டு அப்புறம் பார்க்கலாம்ங்கிறார்

நித்யா அக்கா: அப்பா அத என்கிட்டயே சொல்லலாமே

அப்பா: 👍

நான்: அப்பா எதுக்கு தம்ஸ் அப்

ரவி அண்ணா: நித்யா நான் ஒண்ணு சொல்றேன், லேப் பேரு பெருசான்னு பார்க்காத. அங்க இருந்துட்டு வெளிய வந்த ரெண்டு போஸ்ட்டாக்குக்கு தனியா மெயில் போட்டு மூணு விஷயம் கேளு. பேப்பர்ல முதல் ஆத்தரா யார் பேரு போடுவாங்க, ஜிபியூக்கு, அதான் நெட்வொர்க்க ஓட்டற சிப்புக்கு, க்யூல எத்தனை நாள் நிக்கணும், கிளம்பும்போது நம்ம ஐடியாவ நம்ம எடுத்துட்டு வரலாமா. மூணாவதுக்கு பதில் மழுப்பினா யோசி. நான் முதல் இடத்துல அத கேக்கல. ஒன்றரை வருஷ வேலைய அப்படியே வெச்சிட்டு வந்தேன், அடுத்த வருஷம் வேற ஒரு பையன் பேர்ல அது பேப்பரா வந்துச்சு, என் பேரு நன்றில இருந்துச்சு

அத்தை: நன்றி சொன்னாங்கல்ல

நான்: அத்தை 🤦

நித்யா அக்கா: அண்ணா வாரத்துல ஒரு நாள் என் சொந்த வேலைக்கு குடுங்கன்னு கேட்டா தப்பா எடுத்துப்பாங்களா

ரவி அண்ணா: கேளு. ஆனா மெயில்ல கேளு, வீடியோ கால்ல தலையாட்டினது ரெண்டு மாசத்துல மறந்துரும். வெள்ளிக்கிழமைய அடுத்த வெள்ளி ஆக்க முடியுமான்னும் சேர்த்துக் கேளு. ட்ராஃப்ட் எனக்கு அனுப்பு

நித்யா அக்கா: சரிண்ணா

அம்மா: அப்ப போறதுன்னு முடிவா

நித்யா அக்கா: கேக்கறதுன்னு முடிவும்மா

பெரியப்பா: ரவி

பெரியப்பா: உன்னோடது எப்ப முடியுது

ரவி அண்ணா: டிசம்பர்

பெரியப்பா: அந்த ஹம்போல்ட் உனக்கு வராதா

ரவி அண்ணா: 4 வருஷம் தாண்டிருச்சுப்பா

பெரியப்பா: மார்ச்லதானே உனக்கு பட்டமளிப்பு. நான் எடுத்த போட்டோ இருக்கு தேதி போட்டு

ரவி அண்ணா: அதே மார்ச்தான். 4 முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு

பெரியப்பா: சரி. ராத்திரி கூப்பிடறேன் எடு

ரவி அண்ணா: ம்

அத்தை: *போட்டோ*

அத்தை: நித்யா ஸ்கேன் அனுப்பிருக்கேன் பாரு

நான்: அத்தை அது கரன்ட் பில்லு

சித்தப்பா: ஜெராக்ஸ் கேட்டேனே