பாரிஸில் ஞாயிறன்று சக்கர நாற்காலி வாடகைக்கு வேண்டும்

விமானப் பயணத்தில் என் மனைவியின் மடக்குச் சக்கர நாற்காலியில் வலப்பக்க முன்சக்கரம் முறிந்துவிட்டது. உட்கார்ந்தால் சாய்கிறது. கார் து நோர் ரயில் நிலையத்தருகே தங்கியிருக்கிறோம். திங்கள் காலை கிளம்பிவிடுவோம்.

விமான நிறுவனத்திடம் புகார் கொடுத்தாயிற்று. மாற்று நாற்காலி புதன்கிழமைதான் வருமாம். விடுதியிலும் இல்லை. இங்கே மருந்தகங்கள் வாடகைக்குத் தருவதுண்டு என்பதால் இன்று மாலை முழுக்க அலைந்தேன். ஒன்றில் இருப்பு இல்லை, மற்றவை மூடிவிட்டன. சக்கரத்தைக் கம்பியால் கட்டிப் பார்த்தேன், எடை தாங்கவில்லை.

மெட்ரோவில் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உள்ளது 14ஆம் தடத்தில் மட்டுமே. அதனால் சாய்தளம் உள்ள பஸ்களை நம்பியே திட்டமிட்டிருந்தோம். லா ஷப்பேல் தமிழ்க் கடைகள், பார்பேஸின் ஆப்பிரிக்கக் கடைகள், இழுவை ரயிலில் மோன்மார்த்ர் குன்று: எல்லாம் அவளுடைய நெடுநாள் ஆசை. அறையிலேயே அவளை உட்காரவைக்க எனக்கு மனமில்லை.

10, 18ஆம் வட்டாரங்களில் நாளை ஞாயிறன்று சக்கர நாற்காலி வாடகைக்குத் தரும் இடம் எது?