இணைய இதழியல் தாள்: எதை நீக்கலாம், எதைக் கட்டாயம் நடத்த வேண்டும்? – அனுபவப் பகிர்வு

விஸ்காம்_வகுப்பு

இளங்கலை மூன்றாம் ஆண்டுக்கு இணைய இதழியல் நடத்துபவர்களும், அந்த மாணவர்களை டெஸ்க்கில் வேலைக்கு எடுப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். பல கல்லூரிகளில் இன்னும் வலைப்பூ தொடங்குவது, ஆர்எஸ்எஸ் (தளத்தின் புதிய பதிவுகளைத் தானாகத் தரும் வசதி), தலைகீழ் பிரமிடு (முக்கியமானதை முதலில் சொல்லும் செய்தி அமைப்பு), ஹைப்பர்லிங்க் என்ற வரிசைதான் ஓடுகிறது. ஒரு செமஸ்டர், வாரம் நான்கு மணி நேரம், லேபில் இருவருக்கு ஒரு கணினி. இதற்குள் எது தேறுகிறது, எங்கே சொதப்புகிறது? சொந்தக் கதை வேண்டாம். அடுத்து நடத்துபவர் அப்படியே எடுத்துக்கொள்கிற மாதிரி எழுதுங்கள்.

டெஸ்க்_ஷிப்ட்

தலைகீழ் பிரமிடில் கை வைக்காதீர்கள் மேடம், இன்றைக்கும் சோறு போடுவது அதுதான். நீக்க வேண்டியது பாடத்திட்டத்தில் அச்சாகியிருக்கும் கருவிகளின் பெயர்களை. செய்தியைப் பேஸ்புக்குக்குள்ளேயே திறந்து காட்டிய இன்ஸ்டன்ட் ஆர்ட்டிகிள்ஸ் 2023 ஏப்ரலோடு முடிந்தது. தளத்துக்கு வரும் வாசகரைக் கணக்கிடும் பழைய கூகுள் அனலிட்டிக்ஸ் அதே ஆண்டு ஜூலை 1 முதல் கணக்கெடுப்பதை நிறுத்தியது. எந்தப் பதிவு எவ்வளவு பரவுகிறது என்று பார்க்க நிருபர்கள் நம்பியிருந்த கிரவுட்டேங்கிளை மெட்டா 2024 ஆகஸ்ட் 14 அன்று மூடிவிட்டது. கனடாவில் 2023 ஆகஸ்ட் முதல் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் செய்தி இணைப்பே தெரியாது. யூனிட் தலைப்பில் வேலையை எழுதுங்கள், உதாரணமாக ‘தேடல் வழியாக வரும் வாசகரை அளத்தல்’ என்று. கருவியின் பெயர் லேப் ரெக்கார்டில் மட்டும் இருக்கட்டும்.

அளப்பதற்கு கூகுளின் சர்ச் கன்சோல் (தேடலில் தளம் எத்தனை முறை தோன்றியது, கிளிக் ஆனது என்று காட்டும் கருவி) ஒன்றே போதும், இலவசம். கல்லூரி டொமைனில் ஒரு சப்டொமைன் வாங்கி வேர்ட்பிரஸ் போட வேண்டும். தளம் உங்களுடையது என்று நிரூபிக்க டிஎன்எஸ்ஸில் (டொமைனின் முகவரிப் பதிவு) ஒரு வரி சேர்க்கச் சொல்லும் சர்ச் கன்சோல். கல்லூரி சிஸ்டம் அட்மின் அதற்கு மாதக்கணக்கில் இழுத்தடித்தால் ஹெச்டிஎம்எல் கோப்பை ஏற்றும் வழியும் இருக்கிறது. இதை முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும். இணைத்த நாளுக்கு முந்தைய எண்கள் பெரும்பாலும் இருக்காது, உறுதியான எண்கள் வரவும் இரண்டு மூன்று நாள் ஆகலாம்.

எட்டாவது வாரத்தில் திறந்து பார்த்தால் வரைபடம் பூஜ்யமாகவே கிடக்கிறதா? வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ‘ரீடிங்’ பக்கத்துக்குப் போங்கள். தேடுபொறிகள் வரவேண்டாம் என்கிற டிக், தளம் கட்டும்போது போட்டது, அப்படியே இருக்கும்.

மாணவர்கள் குழம்புகிற இடம் இன்னொன்று. ‘என்றால் என்ன’, ‘எப்படி விண்ணப்பிப்பது’ வகைச் செய்திகளில் பதிவு தோன்றிய எண்ணிக்கை நன்றாக இருக்கும், கிளிக் இருக்காது. கூகுள் தேடலின் உச்சியில் வரும் ஏஐ சுருக்கத்திலேயே (இந்தியாவில் 2024 ஆகஸ்ட் முதல்) வாசகருக்குப் பதில் கிடைத்துவிடுவது இதற்கு ஒரு காரணம். அந்த எண்ணை வைத்து எழுதியவருக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.

எழுத்துரு

தமிழில் இணைய இதழியல் என்றால் முதல் இரண்டு வாரம் எழுத்துக்கே போக வேண்டும். ஆங்கிலப் பாடநூல் எதிலும் இது கிடையாது.

அரசு அலுவலகங்களின் பழைய பிடிஎஃப்களில் பாமினி, வானவில் மாதிரி ஒருங்குறி (யூனிகோடு) அல்லாத எழுத்துருக்கள் நிறைய. காப்பி செய்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும், அதைக் கன்வெர்ட்டரில் போடுவார்கள். அங்கேதான் கண்ணுக்குத் தெரியாத கோளாறு. சில கன்வெர்ட்டர்கள் ‘கோ’ என்பதை க, ஓகாரக் குறி என்று இரண்டு குறியீடாகத் தராமல் க, இரட்டைக் கொம்பு, கால் என்று மூன்றாகத் தரும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் மாவட்டவாரியாகக் கூட்டல் போட்டால் கோயம்புத்தூர் இரண்டு வரியில் வந்து, இரண்டிலும் பாதிப் பாதி எண் நிற்கும். சரிபார்க்கச் சுலபமான வழி: சந்தேகமான எழுத்தை அடுத்துக் கர்சரை வைத்துப் பேக்ஸ்பேஸ் தட்டுவது. ஒரு தட்டில் காலை மட்டும் இழந்து ‘கே’ என்று நின்றால் அது மூன்று குறியீட்டு வகை.

‘ஔ’ போட வேண்டிய இடத்தில் ‘ஒ’, ‘ள’ இரண்டையும் அடுத்தடுத்து அடிப்பது இன்னொரு பழக்கம். ஔவையார் பற்றி எழுதிய கட்டுரை தேடலில் சிக்காமல் போவது இதனால்தான். ஸ்கேன் செய்த தாளை ஓசிஆரில் (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்) போட்டால் கால் ‘ர’ ஆகிவிடும், ‘மாவட்டம்’ என்பது ‘மரவட்டம்’ என்று வந்து நிற்கும். எண்களை மட்டும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க இன்னொருவர் மூலத்தைப் பார்க்கட்டும். அச்சகத்துப் புரூஃப் முறைதான், இன்னும் அதை வெல்ல ஒன்றும் வரவில்லை.

இணைய முகவரியைத் தமிழில் விடாதீர்கள். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் முகவரியில் ஒன்பது குறிகளாக விரியும். ‘தமிழ்’ என்ற ஒரே சொல்லில் ஐந்து குறியீடுகள், ஆக 45 குறி. வாட்ஸ்அப்பில் ஒட்டினால் அரைத் திரைக்குச் சதவீதக் குறிகளாக நீண்டு, பாதியில் உடைந்து, கிளிக் செய்தவருக்குப் பக்கம் இல்லை என்று வரும். நாலைந்து ஆங்கிலச் சொற்களில் சுருக்கமாக வையுங்கள்.

தலைப்புப் பயிற்சியில் ஒரே செய்திக்கு மூன்று எழுதச் சொல்லலாம்: பக்கத்துக்கு, தேடலுக்கு, வாட்ஸ்அப்புக்கு. தேடல் தலைப்பில் ஊரும் துறையும் முன்னால் வர வேண்டும். தமிழ் எழுத்து அகலம், தலைப்பின் வால் வெட்டுப்படும். ‘அதிரடி’, ‘பரபரப்பு’, ‘வெளியான முக்கியத் தகவல்’ மூன்றுக்கும் பூஜ்யம் என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

கார்டு_மேஜை

நியூஸ் கார்டை (ஒரு செய்தியை ஒரே படத்தில் சொல்லும் அட்டை) யாருமே பாடமாக வைப்பதில்லை, ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதைத்தான் கொடுக்கிறார்கள். அளவு 1080க்கு 1080 அல்லது 1080க்கு 1350. இருபது சொல்லுக்கு மேல் போனால் போனில் யாரும் படிப்பதில்லை. இதையெல்லாம் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

மீதி நேரம் தேதிக்கு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று ஒரு கார்டு சுற்றும். சேனல் லோகோ அசல், எழுத்துரு அசல், ஆட்சியர் பெயர்கூட ஒத்துப்போகும். விஷயம் என்னவென்றால் அது முந்தைய ஆண்டின் உண்மையான கார்டு, ‘நாளை’ என்பதில் தேதி இல்லை. ஆகவே வகுப்பில் செய்கிற எந்தக் கார்டிலும் நாள், மாதம், ஆண்டு, நேரம் நான்கும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். பதிவின் மேலே தானாக வரும் தேதி போதாது, கார்டைச் சேமித்து ஃபார்வர்டு செய்தால் அது கூட வராது. ‘நாளை’ என்ற சொல்லையே எடுத்துவிட்டுக் கிழமையும் தேதியும் போடச் சொல்லுங்கள்.

விடுமுறைச் செய்தியில் அடுத்த கேள்வி பள்ளிகளுக்கு மட்டுமா, கல்லூரிகளுக்கும் சேர்த்தா என்பது. அதிகம் தப்பாவது இதுதான். அதன்பின் மாவட்டம் முழுக்கவா, குறிப்பிட்ட வட்டங்களுக்கு மட்டுமா. மாவட்ட ஆட்சியரின் அதிகாரப்பூர்வ எக்ஸ் கணக்கு அல்லது பிஆர்ஓ (மக்கள் தொடர்பு அலுவலர்) வெளியீடு, இரண்டில் ஒன்றைப் பார்க்காமல் கார்டு போகக் கூடாது.

போலிக் கார்டைப் பிடிக்க லோகோவை உற்றுப் பார்ப்பது அவ்வளவாக உதவாது. அந்தச் சேனலின் பக்கத்தில் அந்த நாளின் பதிவுகளை வரிசையாகப் பார்ப்பதும், நியூஸ் டெஸ்க்குக்குப் போன் போடுவதும்தான் வழி. நீக்கப்பட்ட கார்டாகவும் இருக்கலாம் என்பதால் பக்கத்தில் இல்லை என்பது மட்டும் ஆதாரமாகாது.

விஸ்காம்_வகுப்பு

சரிபார்ப்பை எப்படி மதிப்பிடுகிறீர்கள் சார்? ‘ஃபேக் என்று தெரிந்தது’ என்று ஒற்றை வரி எழுதிவிட்டு மதிப்பெண் கேட்கிறார்கள்.

கார்டு_மேஜை

முடிவுக்கு மதிப்பெண் கிடையாது, நாட்குறிப்புக்குத்தான். நேரம், செய்தது, கண்டது என மூன்று பத்தி. பயிற்சிக்கு 2023 மார்ச் போதும். வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாக வீடியோக்கள் பரவின. இரண்டைக் குறித்து டிஜிபியே விளக்கம் தந்தார்: திருப்பூர் வீடியோ பீகார்த் தொழிலாளர்களுக்குள் நடந்த மோதல், கோவை வீடியோ உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்தது. சம்பவம் நிஜம், ஊர்கூட நிஜம், அடித்தது யார் என்பதில்தான் பொய். வெறுமனே படத்தேடல் மட்டும் செய்கிற மாணவர் ‘வீடியோ உண்மை’ என்று எழுதி நின்றுவிடுவார். அதனால்தான் இந்த வழக்கு பாடத்துக்கு ஏற்றது.

வரிசை இது. முதலில் பதிவைக் காப்பகத்தில் சேமிக்க வேண்டும், போன் போட்ட அடுத்த நிமிடம் அழித்துவிடுவார்கள். இன்விட் என்ற பிரவுசர் நீட்சியில் வீடியோவைச் சட்டகங்களாகப் பிரித்து, கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ் இரண்டிலும் தேட வேண்டும், ஒன்றில் சிக்காதது மற்றதில் சிக்கும். கடைப் பலகை, வண்டி நம்பர், பேச்சு மொழியைக் குறிக்க வேண்டும். கடைசியாகக் காவல் நிலையம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தில் எடுத்த இடம், நேரம் பற்றிய உள்தகவல் இருக்காது. அனுப்பியவரிடம் ‘டாக்குமென்ட்டாக அனுப்புங்க’ என்று கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு.

கோர்ட்_பீட்

சட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிவிட்டு, அதில் பாதியைப் பேச்சுரிமை பற்றிய அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவுக்குக் கொடுக்கிறார்கள். வேலைக்கு ஆகாது. முதலில் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) 23, சிறார் நீதிச் சட்டம் 74, புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ் 72 (2024 ஜூலைக்கு முன் ஐபிசி 228ஏ). பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர் மட்டுமல்ல, முகவரி, குடும்பம், பள்ளி, தெரு என அடையாளம் காட்டுகிற எதுவும் கூடாது என்கிறது போக்சோ 23.

முகத்தை மறைத்துவிட்டு ‘டீக்கடை நடத்தும் இன்னாரின் மகள்’ என்று எழுதுவது எல்லோருக்கும் தெரிந்த தவறு. இணையத்தில் ஒளிந்திருப்பவை வேறு: படக் கோப்பின் பெயர், இணைய முகவரி, யூடியூப் டேக், படத்துக்கான மாற்று உரை (படம் தெரியாதபோது வரும் விளக்கம்). செய்தியில் பெயரை எடுத்தாலும் இந்த நான்கிலும் அது கிடக்கும். முகவரியை மாற்றியதும் வேர்ட்பிரஸ் பழையதிலிருந்து தானாகத் திருப்பிவிடும், அதாவது பெயர் உள்ள பழைய முகவரியும் வேலை செய்துகொண்டே இருக்கும். பேஸ்புக்கின் ஷேரிங் டீபக்கரில் (இணைப்பின் முன்னோட்டத்தைப் புதுப்பிக்கும் கருவி) மீண்டும் எடுக்கச் சொன்னால் அங்கே முன்னோட்டம் மாறும். வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே போன முன்னோட்டத்தை யாராலும் திரும்ப இழுக்க முடியாது. வெளியிடும் முன் இந்த நான்கையும் இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும், எழுதியவர் பார்த்தால் செல்லாது.

நீதிமன்றச் செய்தியில் விசாரணையின்போது நீதிபதி கேட்ட கேள்வி ‘உயர்நீதிமன்றம் உத்தரவு’ ஆகிவிடுகிறது. சென்னை, மதுரைக் கிளை வழக்குகளின் உத்தரவு நகல் இணையதளத்தில் ஏறும்வரை ‘கேள்வி’, ‘கருத்து’, ‘வாய்மொழியாக’ என்று மட்டும் போடப் பழக்குங்கள். வழக்கு எண் இல்லாத செய்தியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தகவல்_மனு

ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) சேர்ப்பதாக இருந்தால் இரண்டாவது வாரத்திலேயே மனு போகட்டும். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். வேறு துறைக்குரியது என்றால் 5 நாளில் மாற்றி அனுப்ப வேண்டும், அந்த நாள்களும் சேரும். முதல் மேல்முறையீடு என்று போனால் இன்னும் 30 முதல் 45 நாள். செமஸ்டர் அங்கேயே முடிந்துவிடும்.

‘ஏன் சாலை போடவில்லை’ என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ஒப்பந்த ஆணை நகல், செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகல், பணம் வழங்கிய தேதி எனத் தாளாகக் கேட்க வேண்டும். பதில் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு இணையத்தில் கிடைக்கிறது. இரண்டு ஆண்டுக் குறிப்புகளை அருகருகே வைத்து, போன ஆண்டு அறிவித்தது இந்த ஆண்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடினாலே ஒரு செய்தி கிடைக்கும்.

டெஸ்க்_ஷிப்ட்

ஏஐ பற்றி யாரும் தொடவில்லை. தடை போட்டால் ஒளித்துச் செய்வார்கள். பேட்டியை எழுத்தாக்க மட்டும் அனுமதித்து, ஒலிப்பதிவையும் சேர்த்து வாங்குங்கள். பேச்சுத் தமிழில் அது தடுக்கி விழுகிற இடம் எதிர்மறை. ‘வாங்கல’ என்று சொன்னது ‘வாங்கல்’ என்றோ ‘வாங்க’ என்றோ வந்துவிடும், லஞ்ச வழக்குச் செய்தியில் இது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்தது ஊர்ப் பெயர். மொழிபெயர்ப்பில் மில்லியன், லட்சமாகும்போது ஒரு பூஜ்யம் போகும். பெயர், எண், எதிர்மறை வினை மூன்றையும் ஒலியோடு ஒப்பிட்டு நேரக்குறி போடச் சொன்னால் பாதிப் பேர் தாங்களே கேட்டு எழுதிவிடுகிறார்கள்.

எழுத்துரு

ஒன்று விட்டுப்போனது. தளத்தின் அட்மின், சர்ச் கன்சோல், யூடியூப் சேனல் மூன்றையும் ஆர்வமான மாணவர் ஒருவரின் சொந்த ஜிமெயிலில் தொடங்கிவிடுகிறார்கள். அவர் பாஸ் ஆகிப் போனதும் மூன்றும் போச்சு, போக்சோ வழக்குச் செய்தியில் பெயரை நீக்கக்கூட உள்ளே போக முடியாது. துறையின் பெயரில் ஒரு கணக்கு, அதன் இரண்டடுக்குச் சரிபார்ப்பு எண் துறை அலுவலகப் போனுக்கு, மாணவர்களுக்கு எடிட்டர் அனுமதி மட்டும். பேக்கப் குறியீடுகளை அச்சிட்டு ஹெச்ஓடி பீரோவில் வையுங்கள்.