மகளுக்கு 6, எனக்கு 36: இன்னொரு பிள்ளை இனிச் சரிவருமா?

கல்லடிக்காரி

நெடுநாளாக மனத்துக்குள் வைத்துக்கொண்டிருந்த கேள்வி. எனக்கு 36 வயது. மகளுக்குப் போன மாதம் 6 முடிந்தது, சிசேரியனில் பிறந்தவள். கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை 45 நாள் விடுமுறை. மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது வந்தார்; கரு தங்கி இரண்டரை மாதத்தில் கலைந்துவிட்டது. அடுத்த விடுமுறையில் தங்கவே இல்லை. இதோ, அடுத்த மாதம் மறுபடியும் வருகிறார்.

மாமி "இப்போதாவது பெற்றுக்கொள்" என்கிறார். என் அம்மா "ஒரு பெண்பிள்ளை, ஒரு வீடு, அதோடு நிம்மதியாக இரு" என்கிறார். வேலை செய்யும் இடத்தில், 35 தாண்டினால் பிள்ளை குறையோடு பிறக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். பக்கத்து வளவில் நான்கு பிள்ளைகள். பின்னேரம் அவர்கள் விளையாடும் சத்தம் கேட்டதும் மகள் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலி ஓரத்தில் போய் நிற்பாள். தானாகக் கூப்பிடமாட்டாள். அவர்கள் கூப்பிடும்வரை நிற்பாள். அதைப் பார்க்கும் நாட்களில்தான் இந்தக் கேள்வி பெரிதாகிறது.

படுவான்கரையான்

தங்கச்சி, தயங்காமல் பெற்றுக்கொள்ளுங்கள். எங்கள் அம்மாவுக்கு நாங்கள் ஏழு பேர். 19 வயதில் மூத்த அக்கா, 37 வயதில் நான். மண்முனையில் பாலம் திறந்தது 2014 இல்தான். அதற்கு முன் பிள்ளைப்பேற்றுக்கு நோ எடுத்தவளையும் பாதை என்னும் மிதவைப் படகில் ஏற்றித்தான் மட்டக்களப்பு வாவியைக் கடக்க வேண்டும். பாதை அக்கரையில் நின்றால் அது வரும்வரை கரையில் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்திலேயே ஏழு பேரும் தப்பி வளர்ந்தோம். அப்பா இறந்தபோது எனக்கு 12 வயது. மூன்று அண்ணன்மாரும் வயலைப் பிரிக்காமல் செய்து என்னைப் படிக்கவைத்தார்கள். நான் ஒரே பிள்ளையாக இருந்திருந்தால் அன்றைக்கே மாடு மேய்க்கப் போயிருப்பேன். தனிமரம் தோப்பாகாது.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். 2019 இல் இலங்கையில் பிறந்த பிள்ளைகள் ஏறத்தாழ 3 இலட்சத்து 19 ஆயிரம். 2023 இல் 2 இலட்சத்து 48 ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. நான்கு வருடத்தில் 70 ஆயிரம் குறைவு. எங்கள் ஊர்ப் பாடசாலையில் இந்த வருடம் முதலாம் தரத்துக்கு எட்டுப் பிள்ளைகள்தான் வந்தார்கள். யுத்தத்தில் ஒரு பங்கு போனது, வெளிநாட்டுக்கு ஒரு பங்கு போகிறது. இருப்பவர்களும் ஒன்றோடு நிறுத்தினால் அந்தப் பாடசாலையை யார் நிரப்புவது?

மூத்தவள்_அக்கரைப்பற்று

ஐயா, உங்கள் ஏழு பேரில் அண்ணன்மார் மூவருக்கும் வயல் இருந்தது, உங்களுக்குப் படிப்பு இருந்தது. மூத்த அக்காவைப் பற்றி வயது மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். அவர் எதுவரை படித்தார்?

நான் ஐந்து பேரில் மூத்தவள். எங்களுக்குள் ஒன்றரை வயது, இரண்டு வயது இடைவெளிதான். எனக்கு 9 வயதாகும்போது கடைசித் தம்பி என் இடுப்பில் இருந்தான். சாதாரணதரக் கணிதப் பரீட்சைக்கு முதல் நாள் இரவு அவனுக்கு வயிற்றோட்டம். அம்மா வயலில் உப்பட்டி கட்டிவிட்டு வந்த களைப்பில் கிடந்தார். விடியும்வரை ஜீவனி என்ற உப்புச்சீனித் தூளைக் கரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கரண்டிக்கும் நடுவே, உள்ளே நிற்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடங்களில் கேத்திரகணிதத் தேற்றங்களைப் பார்த்தேன். காலையில் விடைத்தாளில் எழுத்துகள் நீந்தின. கணிதம் தவறிவிட்டது. தம்பி பிழைத்துக்கொண்டான், இன்றைக்கு அவன் பொறியியலாளர். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

"பிள்ளைகள் ஒருவரை ஒருவர் வளர்த்துவிடுவார்கள்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். வளர்ப்பது மூத்த பெண்பிள்ளை. கல்லடி அக்கா, உங்கள் மகளுக்கு ஒரு துணை வேண்டும் என்று பெறுங்கள், அது நியாயம். அவளையே தாயாக்கிவிடாதீர்கள்.

படுவான்கரையான்

நீங்கள் கேட்டதும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றார். எனக்கு அது தெரியும். எழுதும்போது நினைவில் வரவில்லை, அது என் பிழை. "நீ படித்ததுதான் என் படிப்பு" என்றார்.

மூத்தவள்_அக்கரைப்பற்று

அதையேதான் நானும் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், ஐயா. வேறு எதைச் சொல்ல முடியும்?

ஓய்வுபெற்ற_குடும்பநல_மாது

கல்லடி மகள், 31 வருடம் கர்ப்பிணிகளின் வீடு வீடாக நடந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். நெருக்கமாகப் பெறுவதன் கேடு வேறு, வயது போய்ப் பெறுவதன் கேடு வேறு. உங்கள் அயலவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்து பயமுறுத்துகிறார்கள்.

ஒரு பிள்ளை பிறந்த பிறகு அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாதம் பொறுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2005 இல் கூடிச் சொன்னார்கள். 18 மாதத்துக்குள் அடுத்தது தங்கினால் மாதம் நிரம்பாமல் பிறப்பதும் நிறை குறைவதும் கூடுகிறது. சிசேரியன் தழும்பு ஆறமுன் வயிறு பெருத்தால் கர்ப்பப்பை கிழியும் ஆபத்தும் இருக்கிறது. இது எதுவும் உங்களுக்கு இல்லை. உங்கள் தழும்புக்கு 6 வயது. ஆனால் ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட நீண்ட இடைவெளியும் ஒரு கவலைதான். உடம்பு முதற்பிள்ளைக்காரியின் உடம்பைப் போல் ஆகிவிடுகிறது. கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் வருவது கூடுகிறது. 35 தாண்டினால் அதுவும், கர்ப்பகால நீரிழிவும், கரு கலைவதும் இன்னும் கூடும்.

பிள்ளை குறையோடு பிறக்கும் என்ற பேச்சுக்கு: டவுன் சின்ட்ரோம் பிள்ளை பிறக்கும் வாய்ப்பு 25 வயதுத் தாய்க்குச் சுமார் 1,250 பேரில் ஒருவருக்கு, 35 இல் சுமார் 350 பேரில் ஒருவருக்கு, 40 இல் சுமார் 100 பேரில் ஒருவருக்கு. கூடுகிறது, மறைக்கவில்லை. ஆனால் 35 வயதில் அந்த 350 பேரில் 349 பேருக்கு அந்தக் குறை இல்லை என்பதையும் உங்களோடு வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லுங்கள்.

பெறுவது என்று முடிவெடுத்தால் இன்றிலிருந்தே போலிக் அமிலம் குடியுங்கள். கரு தங்குவதற்குக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே அது உடம்பில் இருக்க வேண்டும். முள்ளந்தண்டு உருவாகும் காலத்தில் பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்றே தெரியாது.

வந்தாறுமூலை_மாணவன்

மாது அம்மா, இடைவெளி விடயத்தில் ஒரு மாற்றுக் கருத்து. மன்னிக்கவும், நான் படிப்பது புள்ளிவிபரவியல். நெருக்கமாகப் பெறும் பெண்கள் பெரும்பாலும் ஏழைகள், இளவயதினர். குறைமாதப் பிறப்பு இடைவெளியால் வந்ததா, வறுமையால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது? மேற்கு அவுஸ்திரேலியாவில் 2014 இல் வெளியான ஆய்வொன்றில் ஒரே தாயின் வெவ்வேறு பிள்ளைப்பேறுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். அப்படிப் பார்த்தபோது குறுகிய இடைவெளியின் கேடு பெரிதும் சுருங்கிவிட்டது. 24 மாதம் என்பதைக் கல்லில் வெட்டிய எழுத்தாக வைத்தால், 37, 38 வயதில் திருமணம் முடிக்கும் பெண்ணுக்கு இரண்டாவது பிள்ளைக்கு வழியே இல்லாமல் போகும்.

சொந்தக் கதையும் ஒன்று. எனக்கும் அக்காவுக்கும் 11 வயது இடைவெளி. அம்மா என்னை 39 இல் பெற்றார். நாங்கள் ஒருநாளும் அடிபட்டதில்லை. ஆனால் ஒன்றாக விளையாடியதும் இல்லை. எனக்கு நினைவு தெரிந்தபோது அக்கா உயர்தரம் படித்துக்கொண்டிருந்தார். 6 வருட இடைவெளியில் வேலி ஓரத்து நிற்பு தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கவேண்டாம், அக்கா. தம்பி ஓடி விளையாடும் வயதுக்கு வரும்போது உங்கள் மகளுக்கு 10 ஆகிவிடும்.

ஓய்வுபெற்ற_குடும்பநல_மாது

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. வயது கூடியவர்கள் இரண்டு வருடம் காத்திருக்கத் தேவையில்லை, ஒன்று ஒன்றரை வருடம் போதும் என்ற கருத்தும் இருக்கிறது. ஆனால் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒன்றரை இலட்சம் அளவு கர்ப்பங்களைப் பார்த்து 2018 இல் வெளியிட்ட ஆய்வையும் படியுங்கள். 35 தாண்டிய தாய் பிள்ளை பிறந்து 6 மாதத்தில் மறுபடி கருவுற்றால், தாய்க்கே உயிராபத்தோ கடும் நோயோ வருவது 18 மாதம் பொறுத்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இளம் தாய்மாரில் அடி கூடுதலாக விழுவது பிள்ளைக்கு, வயது கூடியவர்களில் தாய்க்கும் சேர்த்து.

அவுஸ்திரேலியத் தாய் வயலில் இறங்குவதில்லை என்பதையும் கணக்கில் எடுங்கள். எங்கள் பெண் 40 ஆம் நாள் முடிந்ததும் வயல் வெட்டுக்குப் போகிறாள்.

மருதமுனை_உம்மா

தங்கச்சி, நான் நான்கு பெற்றவள். 21 இலிருந்து 26 க்குள் நான்கும். மூன்று பெண், ஒரு ஆண். மூன்றாவது மகள் வயிற்றில் இருந்தபோது கிளினிக்கில் இரத்தம் பார்த்தார்கள், ஹீமோகுளோபின் 8.2. கர்ப்பிணிக்கு 11 க்குக் கீழே போகக்கூடாதாம். இரும்புச்சத்துக் குளிசையும் திரிபோஷா என்ற சத்துமாவும் தந்து அனுப்பினார்கள். திரிபோஷாவை மூத்த இரண்டும் தின்றன. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெள்ளைச் சீலை மாதிரி இருக்கும். "அல்லாஹ் தந்தது" என்று மாமியார் சொல்வார். அல்லாஹ் தந்ததுதான்; ஆனால் பால்குடியை முழுமையாக்க விரும்பும் தாய்மாருக்கு முழுதாக இரண்டு ஆண்டுகள் என்று சூரத்துல் பகராவின் 233 ஆவது வசனத்தில் சொல்லியிருப்பதும் அவன்தானே? என் மூத்த மூவரில் ஒருவருக்கும் நான் இரண்டு வருடம் பால் கொடுக்கவில்லை. கொடுக்கமுன் அடுத்தது வந்துவிட்டது.

இங்கே ஒருவரும் பேசாத இன்னொன்று இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மகள் என்றால் வீடு. தமிழருக்கும் அதே வழக்கம்தான். மூத்தவளுக்குத் தாயின் வீட்டைக் கொடுத்துவிட்டு நாங்கள் வெளியேற வேண்டும், அடுத்தவளுக்கு இன்னொன்று கட்ட வேண்டும். என் மகள்மாருக்குள் ஒன்றரை, இரண்டு வயது வித்தியாசம். அப்படியென்றால் நான்கு வருடத்துக்குள் மூன்று வீடு. கணவர் கைத்தறிக்காரர். மூத்தவளுக்குக் கொடுத்தாயிற்று. இரண்டாமவளுக்கு மேல்தளம் போடவென்று தூண்களின் தலையில் கம்பியை நீட்டி விட்டோம். ஒன்பது மழை கண்டு துருப்பிடித்துவிட்டது. மழைக்குமுன் ஒவ்வொரு வருடமும் மகன் ஏறிச் சீமெந்துச் சாந்து பூசிவிட்டு இறங்குவான். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவள் இரண்டாவது மகள். 28 வயது. இடைவெளி என்று கிளினிக்கில் சொன்னபோது என் உடம்பைப் பற்றிச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கல் வாங்கிச் சேர்க்கவும் அந்த இடைவெளி வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

படுவான்கரையான்

உம்மா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். கல்லடித் தங்கச்சி 37 இல் ஒரு பெண்பிள்ளை பெற்றால், அவளுக்கு 24 ஆகும்போது தாய்க்கு 61. கத்தார்க்காரருக்கு அதற்கும் மேல். வெளிநாட்டுச் சம்பளம் அதுவரை ஓடுமா? இளமையிலேயே பெற்று முடித்துவிட்டால் கை ஓயுமுன் எல்லாரையும் கரைசேர்க்கலாம் என்றுதான் எங்கள் பெரியவர்கள் நினைத்தார்கள். அவர்கள் அறிவில்லாமல் செய்யவில்லை.

மூத்தவள்_அக்கரைப்பற்று

ஐயா, இந்தக் கணக்கில் வீட்டை ஏன் பெண்ணின் தாய்தகப்பன் மட்டும் கட்டவேண்டும் என்று ஒருவருமே கேட்கவில்லை. பிள்ளை எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்கிறோம், வயதைக் கவனிக்கச் சொல்கிறோம், தூண் கம்பியை மட்டும் தொடமாட்டோம்.

பாடசாலையை நிரப்புவது பற்றியும் ஒரு சொல். எட்டுப் பிள்ளைகள் வந்த வகுப்புக்கு ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா, பஸ் ஓடுகிறதா, அந்த எட்டுப் பேரில் எத்தனை பேர் உயர்தரம் வரை போகிறார்கள் என்று முதலில் பாருங்கள். இருக்கும் பிள்ளைகளைப் பட்டணத்துக்குத் துரத்திவிட்டு, புதிதாகப் பெற்று நிரப்பச் சொல்லி ஒரு பெண்ணிடம் கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை.

படுவான்கரையான்

ஆசிரியர் வாரத்தில் மூன்று நாள்தான் வருகிறார். அது உண்மை. ஆனாலும் ஒரு ஊரில் பிள்ளைச் சத்தம் இல்லாமல் போவது என்ன என்பது அந்த ஊரில் இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். அந்தக் கருத்திலிருந்து நான் மாறமாட்டேன்.

கல்லடிக்காரி

எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்தேன். மருதமுனை ராத்தா, உங்கள் மகளுக்காக மனம் கனக்கிறது.

நேற்றிரவு கணவரோடு பேசினேன். 45 நாளுக்குள் தங்கவேண்டும் என்ற அவசரத்தில்தான் போன இரண்டு தடவையும் இருவரும் பாடுபட்டோம் என்று அவரே சொன்னார். இந்த முறை மூன்று மாதம் சம்பளமில்லா விடுமுறை கேட்டுப் பார்க்கிறாராம். கிடைத்தால் முயற்சிப்போம், 38 க்குள் தங்காவிட்டால் மகளோடு நிறுத்திக்கொள்வோம் என்று பேசிக்கொண்டோம். மகளுக்குத் துணை என்ற காரணத்தை நான் கைவிட்டுவிட்டேன். மாணவத் தம்பி சொன்னது சரிதான். எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும். அதை இப்படி நேராகச் சொல்ல இவ்வளவு நாள் எடுத்திருக்கிறது.

மகளை இன்று பின்னேரம் நானே பக்கத்து வளவுக்குக் கூட்டிப்போனேன். அவர்கள் கூப்பிடவில்லை, நாங்களாகத்தான் போனோம்.

மாது அம்மா, ஒரு சந்தேகம். போன முறை கலைந்ததற்குக் காரணம் ஒருவரும் சொல்லவில்லை. இந்த முறை முன்கூட்டியே எதைப் பரிசோதிக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற_குடும்பநல_மாது

ஒரு தடவை கலைவது நிறையப் பேருக்கு நடப்பதுதான், மகள்; பாதிக்குக் குறையாதவை கருவின் நிறமூர்த்தக் (குரோமோசோம்) கோளாறால் கலைபவை, நீங்கள் செய்த எதனாலும் அல்ல. இரத்த அழுத்தம், சீனி, தைரொயிட், ஹீமோகுளோபின் இந்த நான்கையும் அவர் வருமுன்பே பார்த்துவிடுங்கள். சிசேரியன் செய்த அட்டை வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி மாதுவிடம் போங்கள். அட்டையைத் தேடி எடுத்துவிட்டு எழுதுங்கள், அதில் என்ன குறித்திருக்கிறார்கள் என்று பார்ப்போம்.